பாஷாணம் தயார், பரிசோதனை எப்போது?

1998 ஜனவரியில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் ரத்தநோய்ப் பிரிவு ஒரு காரியத்தைத் துணிந்து தொடங்கியது. ஒரு குறிப்பிட்ட வகை ரத்தப் புற்றுநோயோடு வந்தவர்களுக்கு ஆர்சனிக் டிரையாக்ஸைடு ஏற்றினார்கள். நம் பேச்சில் சொன்னால் வெள்ளைப் பாஷாணம். நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், ரத்தக் குழாய் வழியாக, நோய் தணியும் வரை. அதிகபட்சம் 60 நாள். தணிந்தால் நான்கு வாரம் ஓய்வு, பிறகு நான்கு வாரம் மறுபடி மருந்து, அதற்கப்புறம் ஆறு மாதத்துக்கு மாதம் பத்து நாள். மருந்தை மருத்துவமனை மருந்தகத்திலேயே தயாரித்துக்கொண்டார்கள்.

2004 டிசம்பர் வரை 72 பேருக்கு இந்தச் சிகிச்சை நடந்தது. 62 பேருக்கு நோய் முற்றாகத் தணிந்தது. மூன்றாண்டுக் கணக்கில் 86 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். விக்ரம் மேத்யூஸ், அலோக் ஸ்ரீவஸ்தவா, மாமன் சாண்டி உள்ளிட்ட குழு 2006-இல் இதை அமெரிக்காவின் 'பிளட்' இதழில் வெளியிட்டது. 2010-இல் ஐந்தாண்டுக் கணக்கும் வந்தது: 74 சதவீதம். கொல்லும் நோய் என்று பெயரெடுத்த ஒன்றுக்கு, ஒரே ஒரு மலிவான மருந்தை மட்டும் நம்பி, ஓர் இந்திய ஊரில் கிடைத்த முடிவு இது.

வேலூர்க் கதையை ஆந்திராவின் சித்தூர்க்காரர்கள் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்கலாம். சித்தூரிலிருந்து வேலூர் சுமார் 35 கிலோமீட்டர்தான். 1911 ஏப்ரல் 1-இல் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை இரண்டுமே வட ஆற்காடு மாவட்டம். அதற்குத் தலைநகரே சித்தூர். திருப்பதியிலிருந்து பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடி போகிற ரயில் பாதைக்கு மாநில எல்லை ஒரு பொருட்டாக இருந்ததில்லை. அந்த வண்டியில் கையில் ஸ்கேன் உறையோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இல்லை. அவர்களில் பாதிப் பேர் தெலுங்கில் கவலைப்படுவார்கள், பாதிப் பேர் தமிழில்.

ஆகவே மருந்தைப் பொறுத்தவரை இந்தப் பக்கத்து மக்கள் கொடுத்துவைத்தவர்கள். ஆனால் அந்த 72 பேரில் தணிவு காணாத பத்துப் பேரைப் பற்றித்தான் எனக்கு அதிகம் எழுதத் தோன்றுகிறது. இந்த நோயில் தணிவு கிடைக்காமல் போவதற்கு மருந்து தோற்பது காரணமாக இருப்பது மிக அபூர்வம். மருந்து வேலை செய்வதற்குள் மூளையிலோ நுரையீரலிலோ ரத்தம் கசிந்து உயிர் போய்விடும். ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காமல் போனவர்கள் எந்த ஆய்வுக் கணக்கிலும் வருவதில்லை.

கண்ணாடிச் சில்லில் ஒரு துளி

அந்த நோயின் பெயர் அக்யூட் புரோமைலோசைடிக் லுகேமியா. மருத்துவர்கள் சுருக்கமாக ஏ.பி.எல். என்பார்கள். வெள்ளணுக்களின் மைலாய்ட் வகைத் தீவிரப் புற்றுநோயில் ஏறக்குறைய பத்தில் ஒன்று இது. 1957-இல் நார்வே மருத்துவர் லெயிஃப் ஹில்லெஸ்டாட் இதைத் தனி நோயாக விவரித்தபோது, சில வாரங்களில் ரத்தக் கசிவால் முடித்துவிடும் நோய் என்றுதான் எழுதினார். இன்று ரத்தப் புற்றுநோய் மருத்துவர்கள் மனதுக்குள் 'இதுவாக இருந்தால் நல்லது' என்று நினைக்கும் வகையும் இதுதான். முதல் சில நாட்களைத் தாண்டிவிட்டவருக்குக் குணமாகும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

எப்படி வருகிறது? 15-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 17-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. சிகாகோவில் ஜேனட் ரௌலி 1977-இல் இதைக் கண்டறிந்தார். அந்த ஒட்டில் பிறக்கும் கோணல் புரதம், எலும்பு மஜ்ஜையில் வளர்ந்துகொண்டிருக்கும் வெள்ளணுவைப் பாதி வளர்ச்சியிலேயே நிறுத்திவிடுகிறது. வளராத அணுக்கள் பெருகுகின்றன. அவற்றின் உள்ளிருந்து கசியும் பொருள்கள் உடம்பின் ரத்தம் உறையும் ஏற்பாட்டைக் குலைத்துவிடுகின்றன. ஒரு பக்கம் உறைகிறது, மறுபக்கம் உறைந்ததெல்லாம் கரைகிறது, உறையவைக்கும் சரக்கே தீர்ந்துபோகிறது. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் நிற்பதில்லை. தொடையில், கையில் அடிபடாமலே நீலம் பாரிக்கிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நாள் கணக்கில் நீள்கிறது. பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்கவில்லை என்று பல் மருத்துவரிடமே திரும்ப ஓடியவர்களும் உண்டு.

இதைக் கண்டுபிடிக்கும் முதல் படிக்குக் கோடி ரூபாய்க் கருவி வேண்டாம். ஒரு துளி ரத்தம், இரண்டு கண்ணாடிச் சில்லு. ஒரு சில்லில் துளியை வைத்து, இன்னொன்றின் ஓரத்தால் ஒரே இழுப்பில் இழுத்தால் மெல்லிய படலம் விழும். காற்றில் காயவைத்து, லெயிஷ்மன் சாயத்தை ஊற்றி, சிறிது நேரம் கழித்துக் கரைசல் நீர் சேர்த்துக் கழுவ வேண்டும். மொத்தம் பத்துப் பதினைந்து நிமிடம். நுண்ணோக்கியில் எண்ணெய் விட்டு, பெரிய லென்ஸில் பார்த்தால், ஊதாத் துகள்கள் அப்பிய பெரிய அணுக்கள் தெரியும். சிலவற்றின் உட்கரு நடுவில் ஒடுங்கி இரண்டாகப் பிளந்தது போலிருக்கும். தேடிப் பார்த்தால் ஓர் அணுவுக்குள் மெல்லிய குச்சிகள் சுள்ளிக்கட்டு மாதிரி கட்டுக்கட்டாகக் கிடக்கும். அதைப் பார்த்துவிட்ட லேப் டாக்டர் அடுத்த வேலையாக போனை எடுக்க வேண்டும். ரிப்போர்ட் டைப் ஆகும் வரை காத்திருக்கக்கூடாது.

இப்போது ஊருக்கு ஊர் இருப்பது தானியங்கி எண்ணும் கருவி. நூறு, நூற்றைம்பது சாம்பிளை ஒரே காலையில் முடித்துவிடும். அது எண்ணும், பார்க்காது. ஏ.பி.எல். நோயாளிக்கு வெள்ளணு எண்ணிக்கை பல சமயம் ஏறியிருக்காது, குறைந்துதான் இருக்கும். கருவியிலிருந்து வரும் தாளில் 'வெள்ளணு குறைவு, தட்டணு குறைவு, ஹீமோகுளோபின் குறைவு' என்று மட்டும் அச்சாகும். 'செல்லெல்லாம் கம்மியா இருக்கு, டானிக் எழுதித் தர்றேன்' என்று அதை முடித்துவிட முடியும். சில்லை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க ஒருவர் வேண்டும், பார்ப்பதற்கு அவருக்கு நேரமும் வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை பெய்கிற ஐப்பசி, கார்த்திகையில் குழப்பம் இன்னும் கூடும். காய்ச்சல், பிளேட்லெட் (தட்டணு) குறைவு என்றதும் எல்லோர் வாயிலும் டெங்கு. வீட்டில் பப்பாளி இலைச் சாறு இடிப்பார்கள். 'இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்மா, பிளேட்லெட் தானா ஏறும்' என்று டாக்டரும் சொல்வார். டெங்குவில் பெரும்பாலும் அது சரியும்கூட. ஆனால் அதே ரத்தத் தாளிலேயே வேறுபாடு தெரிந்துவிடும். டெங்கு முற்றும்போது ரத்தம் கெட்டிப்படும், அதனால் ஹீமோகுளோபின் ஏறியிருக்கும். லுகேமியாவில் அது இறங்கியிருக்கும். பிளேட்லெட்டோடு ஹீமோகுளோபினும் இறங்கினால் சில்லைப் பார்க்காமல் அனுப்பக்கூடாது. இது புதிய கண்டுபிடிப்பல்ல, பாடப்புத்தகத்தில் உள்ளது. கூட்டம் நெரிகிற புறநோயாளி வரிசையில் மறந்துபோவதும் இதுதான்.

குழந்தைகளிடம் நோய் வேறு வேஷத்தில் வரும். அவர்களுக்கு அதிகம் வருவது லிம்ஃபோபிளாஸ்டிக் வகை. மஜ்ஜைக்குள் அணுக்கள் நெருக்கும்போது எலும்பு வலிக்கும். பிள்ளை நொண்டும், இரவில் காலைப் பிடித்துக்கொண்டு அழும். எலும்பு என்றால் உடனே புத்தூர்க் கட்டு நினைவுக்கு வரும் சீமை இது. திருத்தணிக்கு அந்தண்டைப் பக்கம் புத்தூர் ஈசுவரபுரத்தில் கட்டுப் போட்டுக்கொள்ள நான்கு மாநிலத்து ஜனம் வருகிறது. கீழே விழுந்து எலும்பு பிசகியவர்களுக்கு அது சரி. விழாமலே நொண்டுகிற, வெளுத்துப்போன, விட்டுவிட்டுக் காய்ச்சலடிக்கிற பிள்ளைக்கு முதலில் வேண்டியது ரத்தப் பரிசோதனை.

சீனத்துக் கிராமத்திலிருந்து

பாஷாணம் மருந்தானது வேலூரில் திடீரென்று அல்ல. 1786-இல் இங்கிலாந்தில் தாமஸ் ஃபவுலர் என்பவர் ஆர்சனிக் கரைசல் ஒன்றைப் பிரபலமாக்கினார். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் லுகேமியாவுக்கும் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு கைவிட்டார்கள். 1970-களில் சீனாவின் வடகிழக்கிலுள்ள ஹார்பின் நகரத்து மருத்துவர் ஜாங் திங்தோங்கின் குழு, கிராமப்புற நாட்டு மருந்து ஒன்றைக் கையில் எடுத்தது. அதில் ஆர்சனிக், பாதரச உப்பு, தேரை நஞ்சு மூன்றும் இருந்தன. ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்ததில் வேலை செய்தது ஆர்சனிக் என்று தெரிந்தது. அதுவும் இந்த ஒரு வகை லுகேமியாவில்தான் பிரமாதமாக. இன்னொரு பக்கம் ஷாங்காயில் வாங் சென்யி 1985-இல், வைட்டமின் ஏ-யின் உறவுப் பொருளான ரெட்டினாயிக் அமிலத்தை ஐந்து வயதுச் சிறுமிக்குக் கொடுத்து நோயைத் தணித்தார். அந்தக் கோணல் புரதத்துக்கு இரண்டு முனை. ஒரு முனையை ரெட்டினாயிக் அமிலம் பிடிக்கிறது, மறுமுனையை ஆர்சனிக் பிடிக்கிறது. புரதம் சிதைகிறது, அணு தன் வளர்ச்சியை முடித்துக்கொண்டு இயல்பாகச் சாகிறது. கீமோவைப் போல எல்லாவற்றையும் அடித்து நொறுக்கும் வேலை இதில் இல்லை.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஆர்சனிக்குக்கு அனுமதி கொடுத்தது 2000-இல், மற்ற மருந்து பலிக்காதவர்களுக்கு என்று. வேலூரில் அதற்கு முன்பே முதல் மருந்தாகக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அதற்குக் காரணம் ஆய்வு ஆர்வம் மட்டுமில்லை, நோயாளியின் பர்ஸும்தான். அன்றைய வழக்கமான சிகிச்சை ரெட்டினாயிக் அமிலமும் கீமோவும். கீமோ கொடுத்தால் எதிர்ப்புச் சக்தி விழும், தொற்று வரும், விலை உயர்ந்த ஆன்டிபயாட்டிக் வேண்டும், வாரக்கணக்கில் படுக்கை வேண்டும். ஆர்சனிக்கில் அந்தத் தொல்லை குறைவு, முடியும் கொட்டுவதில்லை. 2013-இல் இத்தாலியின் ஃபிரான்செஸ்கோ லோ-கோகோ குழு, கீமோவே இல்லாமல் ரெட்டினாயிக் அமிலத்தையும் ஆர்சனிக்கையும் சேர்த்துக் கொடுத்து, அபாயம் குறைந்த நோயாளிகளில் இரண்டாண்டுக் கணக்கில் 97 சதவீதம் பேர் நோய் திரும்பாமல் இருந்ததைக் காட்டியது. இப்போது உலகம் முழுக்க அதுவே வழி. கீமோ இல்லாமல் இந்த நோயை வெல்லலாம் என்பதற்கு வேலூர் நோயாளிகள் முன்பே சாட்சி சொல்லிவிட்டார்கள்.

ஓர் எச்சரிக்கை. சித்த மருத்துவத்தில் 64 பாஷாணம் உண்டு, எல்லாம் நம்மிடமே இருக்கிறது என்று இதைப் படித்துவிட்டு யாரும் கிளம்ப வேண்டாம். ஆர்சனிக் இந்த ஒரு வகைக்குத்தான். அதையும் இ.சி.ஜி. பார்த்து, பொட்டாசியமும் மெக்னீசியமும் பார்த்து, அளந்து ஏற்ற வேண்டும். இல்லையென்றால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். அணுக்கள் வேகமாக வளர்ந்து முதிரும்போது மூச்சுத் திணறலோடு ஒரு கோளாறு வரும். அதற்கு உடனே ஸ்டீராய்டு கொடுக்க வேண்டும். பெயரும் அளவும் தெரியாத பொடி எதுவும் இங்கே உதவாது.

நெறி கட்டினால்

நிணநீர்க் கழலைப் புற்றுநோயான லிம்ஃபோமாவின் கதை வேறு. அங்கே அவசரம் நாள் கணக்கில் இருப்பது குறைவு. தாமதம் மாதக் கணக்கில் நடக்கும். கழுத்தில், அக்குளில், தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது. வலி இல்லாததால் யாரும் பொருட்படுத்துவதில்லை. மாலையில் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவு சேர்ந்தால் காசநோய் என்று தோன்றும். தோன்றுவதில் தப்பும் இல்லை, இந்தியாவில் கழுத்து நெறிக்கு அதுவே பெரிய காரணம். சித்தூர்ப் பக்கத்துக்குக் காசநோய் புதிதுமல்ல. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் சானடோரியம் 1915-இல் தொடங்கி, சுற்றுவட்டாரக் கிராமங்களில் காசநோய் ஆய்வே நடத்தி உலக மருத்துவ இதழ்களில் இடம்பிடித்தது.

சிக்கல் எங்கே என்றால், ஊசி போட்டுச் சிறிது திசு எடுத்துப் பார்ப்பதோடு நிறுத்திவிட்டு, காசநோய் மாத்திரையை ஆரம்பித்துவிடுவதில். ஊசியில் வருவது சிதறிய அணுக்கள். நெறியின் கட்டமைப்பு அதில் தெரியாது. லிம்ஃபோமாவில் பல பத்து வகைகள் உண்டு. எது என்று சொல்ல அந்தக் கட்டமைப்பு வேண்டும். கழலையை முழுசாக வெட்டியெடுத்து, ஃபார்மலினில் போட்டு அனுப்பி, சாயமேற்றி, அணுவின் மேல் எந்தெந்தப் புரதம் இருக்கிறது என்று எதிர்ப்பொருள்களால் சோதித்தால்தான் பெயர் கிடைக்கும். பாதியை ஃபார்மலினில் போடாமல் தனியாக ஜீன்எக்ஸ்பர்ட் சோதனைக்கு அனுப்பினால் காசநோயா என்பதும் அதே நாளில் தெரிந்துவிடும். மொத்தக் கழலையையும் ஃபார்மலினில் போட்டுவிட்டுக் காசநோய்க் கிருமியை வளர்க்க அனுப்புவதும் நடக்கும். ஃபார்மலினில் கிருமி செத்துப்போய்விடும். ஸ்டீராய்டு மாத்திரையை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் இன்னும் மோசம். லிம்ஃபோமா கட்டி தற்காலிகமாக வடியும், வீட்டில் சந்தோஷப்படுவார்கள், வெட்டியெடுத்த திசுவில் நோய் முகம் காட்டாது.

பெயர் கிடைப்பதில் பணமும் உயிரும் இருக்கிறது. பி வகை அணுவின் மேல் சி.டி.20 என்ற புரதம் இருந்தால் ரிட்டுக்சிமாப் வேலை செய்யும். 1997-இல் அமெரிக்காவில் வந்த அந்த மருந்துக்கு, ஐதராபாத் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் 2007-இல் 'ரெடிடக்ஸ்' என்ற மாற்றைக் கொண்டுவந்தது. ஹாட்ஜ்கின் வகை என்றால் சிகிச்சையே வேறு, குணமாகும் வாய்ப்பும் அதிகம். எந்த லிம்ஃபோமா என்று தெரியாமல் கொடுக்கும் கீமோவுக்கு நான் சிகிச்சை என்று பெயர் வைக்க மாட்டேன்.

ஆந்திர மண்ணின் பங்கு

குழந்தைகளின் லுகேமியாவுக்கு மருந்து என்ற ஒன்று முதன்முதலாகப் பலித்த கதையிலும் இந்தப் பக்கத்து மனிதர் ஒருவர் உண்டு. எல்லாப்ரகட சுப்பாராவ், 1895-இல் பீமவரத்தில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியதற்காக அறுவைசிகிச்சைப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாகக் கீழ்நிலைப் பட்டம்தான் அவருக்குக் கிடைத்தது. அமெரிக்கா போய் லெடர்லி ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலத்தையும் அதற்கு எதிரான பொருள்களையும் உருவாக்கிய குழுவை நடத்தினார். அங்கிருந்து போன அமினோப்டெரினை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். பத்துப் பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948 ஜூனில் அந்தக் கட்டுரை வந்தது. ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துவிட்டார். அமினோப்டெரினின் தம்பியான மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை லுகேமியா குழந்தைகள் வாரம் ஒருமுறை இன்றும் விழுங்குகிறார்கள். அந்தச் சிகிச்சை இரண்டாண்டுக்கு மேல் போகும். 1980-களில் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் ஒரே முறையில் சிகிச்சை கொடுக்கத் தொடங்கிய பிறகே இந்தியக் குழந்தைகளின் கணக்கு மேலேறியது. ஊருக்கு ஊர் தோன்றியபடி கொடுப்பதை நிறுத்தியதே அங்கே பெரிய மருந்து.

இமாட்டினிப் வழக்கும் நம் பக்கத்தில் ஆரம்பித்ததே. நாள்பட்ட மைலாய்ட் லுகேமியாவைச் சர்க்கரை நோய் போல மாத்திரையில் வைத்துக்கொள்ள வழி செய்த மருந்து அது. காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் 1998-இல் விண்ணப்பித்தது சென்னை அலுவலகத்தில், அது நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1-இல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. அந்த நிறுவனத்தின் மாத்திரை அப்போது மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தது. ஐதராபாத் நாட்கோ போன்ற இந்திய நிறுவனங்களின் மாத்திரை சில ஆயிரத்துக்குக் கிடைத்தது. இந்த வித்தியாசத்தில் பிழைத்திருக்கும் குடும்பங்கள் இந்த மாவட்டத்திலும் உண்டு.

இனி நிறுவனங்கள். திருமலை திருப்பதி தேவஸ்தானம் தொடங்கிய ஸ்விம்ஸ் மருத்துவமனை 1993-இலிருந்து இயங்குகிறது. டாடா அறக்கட்டளையும் தேவஸ்தானமும் சேர்ந்து அமைத்த ஸ்ரீ வெங்கடேஸ்வரா புற்றுநோய் நிலையத்தை 2022 மே 5-இல் திறந்தார்கள். ரூயா அரசு மருத்துவமனை, சித்தூரில் அப்போலோ மருத்துவக் கல்லூரி, குடிபாலா மண்டலம் ராமாபுரத்தில் சி.எம்.சி.யின் சித்தூர் வளாகம், எல்லை தாண்டினால் வேலூர். சி.எம்.சி.யின் ரத்தநோய்ப் பிரிவு இப்போது ராணிப்பேட்டை வளாகத்தில் இருக்கிறது. அங்கே நோயாளியின் சொந்த டி அணுக்களை எடுத்து, மரபணு மாற்றி, மருத்துவமனையிலேயே ஒன்பது நாளில் வளர்த்துத் திரும்ப ஏற்றும் கார்-டி சோதனையை நடத்தினார்கள். 2025-இல் முடிவு வெளியானது: லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா நோயாளிகள் அனைவருக்கும் தணிவு, பெரிய பி அணு லிம்ஃபோமாவில் பாதிப் பேருக்கு. மிகச் சிறிய சோதனைதான், ஆனாலும் பெரிய சாதனை. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடாவும் உருவாக்கிய நெக்ஸ்கார்19 ஏற்கனவே 2023 அக்டோபரில் அனுமதி பெற்றுவிட்டது.

பத்திரிகைகளில் இதெல்லாம் பெரிதாக வருகிறது, வரட்டும். ஆனால் கார்-டி வேண்டியவர், மற்ற மருந்தெல்லாம் தோற்று அங்கே போய்ச் சேர்ந்தவர். ஏ.பி.எல். பெண் ஒருத்தி, பலமனேரிலோ நகரியிலோ ஈறில் ரத்தத்தோடு உள்ளூர் கிளினிக்கில் உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு வேண்டியது மிகப் பழைய நுண்ணோக்கியும் ரெட்டினாயிக் அமில மாத்திரையும். அரசு நடத்தும் முன்கூட்டிய புற்றுநோய்ச் சோதனை வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றுக்கும்தான். லுகேமியாவை ஊர் ஊராகப் போய்த் தேட முடியாது. அது வரும்போது வாசலிலேயே பிடித்தால்தான் உண்டு.

பிடிக்க முடியும் என்று காட்டிய இடங்கள் உண்டு. பிரேசிலில் ஏ.பி.எல். நோயாளிகளில் 32 சதவீதம் பேர் தொடக்கத்திலேயே இறந்துகொண்டிருந்தார்கள். எதுவார்து ரேகோ தலைமையில் பிரேசில், மெக்சிகோ, சிலி, உருகுவே நாடுகளின் மருத்துவமனைகள் கூட்டாகச் சேர்ந்தன. சந்தேகம் வந்த நிமிடமே, மரபணு ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் ரெட்டினாயிக் அமிலம். தட்டணுவும் உறைபொருளும் தாராளமாக ஏற்றுவது. சில மணி நேரத்தில் முடியும் ஒளிர்சாயச் சோதனை. சந்தேகம் கேட்கத் தொடர்ந்து பேச்சு. 2013-இல் வெளியிட்ட கணக்கில் தொடக்கச் சாவு 15 சதவீதமாகப் பாதியாய்க் குறைந்திருந்தது, இரண்டாண்டில் 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். அவர்கள் புது மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஆனந்த் ஜில்லெல்லா இன்னும் எளிமையாகச் செய்தார்: இரண்டு பக்கச் சிகிச்சைக் குறிப்பு, எந்த நேரமும் எடுக்கும் ஒரு நிபுணரின் போன். சிறு ஊர் மருத்துவமனைகளில் 30 சதவீதம் அளவுக்கு இருந்த தொடக்கச் சாவு 10 சதவீதத்துக்கும் கீழே வந்தது.

சித்தூருக்கு இதில் எது கிடைக்காதது? 2000 மார்ச்சில் அரகொண்டா கிராமத்து அப்போலோ மருத்துவமனையைச் செயற்கைக்கோள் வழியாக இணைத்து, அப்போதைய அமெரிக்க அதிபர் கிளிண்டனை வைத்துத் தொடங்கிய மாவட்டம் இது. அன்று அதற்குத் தட்டு ஆண்டெனா வேண்டியிருந்தது. இன்று நுண்ணோக்கியின் கண்வில்லைமேல் செல்போன் கேமராவை வைத்துப் படம் எடுத்தால், சுள்ளிக்கட்டுக் குச்சிகள் ஸ்விம்ஸிலோ ராணிப்பேட்டையிலோ இருப்பவர் திரையில் ஒரு நிமிடத்தில் தெரியும். தானாக எண்ணும் கருவி மூன்று வகை அணுவும் குறைவு என்று சொன்னால் சில்லைப் பார்த்தே ஆக வேண்டும் என்று மாவட்டச் சுகாதாரத் துறை ஓர் உத்தரவு போட்டால் போதும். சித்தூர் மாவட்ட மருத்துவமனையிலும் மதனப்பள்ளியிலும் குப்பத்திலும் ஸ்ரீகாளஹஸ்தியிலும் ரெட்டினாயிக் அமில மாத்திரை சில பட்டைகள் குளிர்ச்சியான, வெளிச்சம் படாத இடத்தில் எப்போதும் இருக்க வேண்டும். 10 மில்லிகிராம் மாத்திரை. உடம்பின் பரப்பளவு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 45 மில்லிகிராம், இரண்டு வேளையாக. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டு மாத்திரை வரும். ஏ.பி.எல். இல்லை என்று மறுநாள் தெரிந்தால் நிறுத்திவிடலாம், ஒரு நாள் கொடுத்ததால் பெரிய கேடில்லை.

108 வண்டி இந்த மாநிலத்தில் 2005-இலிருந்து ஓடுகிறது. அது நோயாளியை எந்த வாசலில் இறக்க வேண்டும் என்பதும் முன்பே தீர்மானமாகியிருக்க வேண்டும்: தட்டணுவும் கிரையோபிரெசிபிடேட் என்ற உறைபொருளும் உள்ள ரத்த வங்கி எங்கே இருக்கிறதோ அங்கே. முதல் வேளை மாத்திரையை வண்டியில் ஏறும் முன்பே விழுங்கியிருக்க வேண்டும்.